தோட்டத்துப் பிள்ளைக்கு லினக்ஸ் எதற்கு?

மலையகத்தில் கணினி விற்போரிடமும் கணினி வகுப்பு நடத்துவோரிடமும் ஒரு வாய்ப்பாடு உண்டு. “லினக்ஸ் நல்லதுதான், ஆனா நம்ம புள்ளைகளுக்கு அது சரிவராது” என்பதே அது. ஹட்டனில் கேட்டிருக்கிறேன். நோர்வூட்டில் கேட்டிருக்கிறேன். கணினிப் பெட்டியின் மூடியை ஒரு தடவையேனும் கழற்றிப் பார்த்திராத பிரமுகர் ஒருவர் மேடையில் நின்று சொல்லவும் கேட்டிருக்கிறேன்.

பத்திரிகைத் தொழிலில் கழிந்த ஆண்டுகள் முழுவதும் இதே வாய்ப்பாட்டை வேறு பொருள்கள் மீது ஏற்றிச் சொல்லக் கேட்டவன் நான். உயர்தர விஞ்ஞானப் பிரிவு தோட்டப் பகுதிப் பாடசாலைக்குச் சரிவராது என்றார்கள். ஆங்கிலம் சரிவராது என்றார்கள். பெண் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது சரிவராது என்றார்கள். முயன்று பார்த்த இடங்களில் எல்லாம் இவை சரிவந்தன. சரிவராது என்று தீர்ப்பு எழுதியவர்கள் அதற்காக வெட்கப்பட்டதாகத்தான் தெரியவில்லை. இப்போது அதே பேனாவால் லினக்ஸுக்கும் தீர்ப்பு எழுதுகிறார்கள். ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

லினக்ஸை அறியாத வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். கணினி என்னும் இயந்திரத்தை நமக்காக வேலை செய்ய வைக்கும் அடிப்படை மென்பொருளை நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று அழைக்கின்றன. விண்டோஸ் அவற்றுள் ஒன்று. லினக்ஸ் இன்னொன்று. 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருவை எழுதினார். அதைச் சூழ்ந்துள்ள கருவிகளில் பெரும்பகுதி, 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்திலிருந்து வந்தது. எவரும் எடுக்கலாம், எவரும் திறந்து பார்க்கலாம், எவரும் திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பதே அதன் உரிமம். உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறின் பட்டியலில் உள்ளவை யாவும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில் இயங்குகின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? லயன் அறையில் நம் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் அன்ட்ரொயிட் கைப்பேசியின் கருவும் லினக்ஸ்தான். “சரிவராது” என்று சொல்லும் கடைக்காரரின் சட்டைப்பையிலும் அதுவே கிடக்கிறது.

இனி விடயத்துக்கு வருவோம். புதிய மேசைக் கணினியில் லினக்ஸை நிறுவும்போது சிக்கல் வருவதே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. வரும். பழைய கணினியைவிடப் புதியதில் அதிகமாகவே வரும். சந்தைக்கு நேற்று வந்த திரை அட்டையையும் வைஃபை சில்லையும் சில மாதங்களுக்கு முன் வெளிவந்த லினக்ஸ் பதிப்பு அறிந்திராது. உற்பத்தியாளர்கள் விண்டோஸை மனத்திற்கொண்டே இயந்திரத்தை முன்கூட்டி அமைத்து அனுப்புகிறார்கள் என்பது அடுத்த காரணம். இவ்விரண்டில் எதுவும் நம் பிள்ளைகளின் மூளையைப் பற்றியதன்று என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். நோர்வூட்டுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில், உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பவியல் கற்கும் மாணவிக்கு அவளது பெற்றோர் புதிய கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தனர். தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை கொழும்பில் கடையொன்றில் வேலை செய்பவர். விற்ற கடை அதில் பூட்டுடைத்த விண்டோஸை ஏற்றி, அதற்கும் சேர்த்துக் கூலி வாங்கியிருந்தது. சில வாரங்களில் கணினி தள்ளாடத் தொடங்கியது. லினக்ஸ் போட்டுத் தாருங்கள் என்று மாணவி கேட்டபோது, கடையில் இருந்தவர் பென் ட்ரைவைச் செருகினார். திரை கறுத்தது. “பாத்தியா, நான் சொன்னேன்தானே” என்றார். ஆக மொத்தம் ஐந்து நிமிட விசாரணை, வாழ்நாள் தீர்ப்பு!

அக்குடும்பத்தை எனக்கு நன்கு தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். விசைப்பலகை மாணவியின் கையிலேயே இருந்தது. அன்று நடந்தவற்றை வரிசையாகத் தருகிறேன். யாருக்கேனும் பயன்படும்.

முதலாவது, கறுத்த திரை. இயங்கத் தொடங்கும் கணத்தில் லினக்ஸின் கரு திரை அட்டையைத் தானே கையிலெடுத்துத் திரையின் அளவை அமைக்க முயல்கிறது. அட்டை புதியதாயின் முயற்சி தோற்கும். திரை கறுக்குமே தவிர, உள்ளே கணினி இயங்கிக்கொண்டுதான் இருக்கும். உபுண்டுவின் தொடக்கப் பட்டியலிலேயே ‘பாதுகாப்பான வரைவியல்’ என்ற பொருளில் இரண்டாவது தெரிவு ஒன்று இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் போதும். அத்தெரிவு இல்லாத பதிப்புகளில், பட்டியல் தோன்றும்போது ‘ஈ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப் 10ஐ அழுத்த வேண்டும். திரையின் அளவை நீயாக அமைக்காதே என்று கருவுக்கு இடும் கட்டளை அது. மாணவி இரண்டாவது தெரிவை அழுத்தினாள். திரை வந்தது.

இரண்டாவது, காணாமற்போன வன்தட்டு. நிறுவும் நிரல் வன்தட்டைக் காண மறுத்து, இன்டெலின் ஆர்.எஸ்.ரீ. என்னும் சேமிப்பு ஏற்பாட்டை நிறுத்தச் சொல்லி ஆங்கிலத்தில் அறிவித்தது. பயாஸுக்குள் நுழைந்து பார்த்தபோது வன்தட்டின் முறை ‘ரெயிட்’ என இருந்தது. அதை ‘ஏ.எச்.சி.ஐ.’ என மாற்றியதும் வன்தட்டு தோன்றியது. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: அதே வன்தட்டில் விண்டோஸையும் வைத்திருக்க விரும்புவோர் இதை உடனே மாற்றக் கூடாது. விண்டோஸ் திறக்க மறுக்கலாம். அதற்குரிய முன்னேற்பாட்டைச் செய்த பின்னரே மாற்ற வேண்டும். அவசியமான கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வைப்பது எந்த நிலையிலும் முதல் வேலை.

மூன்றாவது, இணையம். வைஃபை சில்லு புதியது. அதற்குரிய இயக்கி அப்பதிப்பில் இல்லை. அந்த லயனில் கம்பி இணைப்பு ஏது? கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் கணினியில் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைப் பகிரச் செய்தாள். லினக்ஸ் அதை உடனே ஏற்றுக்கொண்டது. அவ்வழியே புதிய கருவைத் தரவிறக்கியதும் வைஃபையும் வந்தது.

நான்காவது, திரை அட்டைக்குரிய சரியான இயக்கி. ‘செக்கியூர் பூட்’ என்னும் காவல் ஏற்பாடு இயங்கும் கணினியில் இத்தகைய இயக்கியை நிறுவும்போது கடவுச்சொல் ஒன்று கேட்கப்படும். மீளத் தொடங்கும்போது நீலத்திரை ஒன்று தோன்றி, சாவியைப் பதிவு செய்கிறாயா என்று வினவும். பலர் நீலத்தைக் கண்டதும் விண்டோஸின் மரண நீலம் என்று எண்ணி அஞ்சிக் கடந்து போகிறார்கள். இயக்கி ஏறாது. பிறகு லினக்ஸைத் திட்டுவார்கள். அங்கே பதிவு செய் என்பதைத் தெரிந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுத்தால் காரியம் முடிந்தது.

நான்கு சிக்கல்கள், நான்கு காரணங்கள், நான்கு தீர்வுகள். இவற்றுள் எதற்கும் பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை. திரையில் வந்த வாசகத்தை நின்று படிக்கும் பொறுமையும், அதைப் புரிந்துகொள்ளுமளவு மொழியும் மட்டுமே தேவைப்பட்டன. மொழிதான் இடறியது. வாசகங்கள் யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. அந்த மாணவிக்கு இல்லாதிருந்தது அந்த வாசகத்தைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கம். அதை எழுதியிருக்க வேண்டியவர்கள் அவளுக்கு மூத்தவர்களாகிய நாம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. லினக்ஸ், தொடங்கும் கணம் முதல் தான் செய்வதையும் செய்ய முயன்று தோற்பதையும் வரி வரியாகப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. எந்தச் சில்லைக் கண்டது, எந்த இயக்கியைத் தேடியது, ஏன் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். அக்கணினியின் உரிமையாளர் எவரும் அதைத் திறந்து படிக்கலாம். தோட்டத்து மக்களுக்குப் பதிவேட்டின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. செக்ரோலில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் படிக்க இயலாமல், கணக்கப்பிள்ளை சொன்னதே கணக்கு என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சமூகம் இது. பகல் முழுவதும் மலையில் நின்றும் அரைப்பேர் விழுந்தது ஏன் என்று கேட்கத் தெரியாமல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளிடம், ‘பதிவேட்டைப் படிப்பது உங்களுக்குச் சரிவராது, கடைக்குக் கொண்டுவாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்வதன் பொருள் என்ன என்பதைச் சிந்தியுங்கள்.

சுயாதீன மென்பொருள் இயக்கம் பிறந்த கதையும் ஒரு பழுதிலிருந்தே தொடங்குகிறது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வுகூடத்துக்கு வந்த அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கியது. சிக்கினால் பயனருக்கு அறிவிக்கும்படி நிரலைத் திருத்த ஸ்டால்மன் விரும்பினார். நிரலின் மூலத்தைத் தர மறுத்துவிட்டார்கள். தன் கண்முன் நிற்கும் இயந்திரத்தின் பழுதைத் திருத்தும் உரிமை தனக்கு இல்லையா என்ற கேள்வியே பின்னர் இயக்கமாயிற்று. அச்சு இயந்திரங்களின் நடுவே வாழ்ந்த என் போன்றோருக்கு அந்தக் கோபம் நன்கு விளங்கும்.

“விண்டோஸ் சும்மா கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு?” என்பது அடுத்த வாதம். சும்மா கிடைக்கவில்லை ஐயா! விண்டோஸ் 11 இல்லப் பதிப்பின் பட்டியல் விலை 139 அமெரிக்க டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 41,700 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய முப்பத்தொரு நாள் பேர், அதுவும் ஒரு நாளும் அரைப்பேர் விழாமல். இவ்விலையை எவரும் கொடுப்பதில்லை என்பதால்தான் பூட்டுடைத்த பிரதி புழங்குகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது குற்றம்.

சட்டத்தை விடுங்கள். பூட்டை உடைக்கும் நிரல் தன் வேலையைத் தொடங்குமுன் வைரஸ் காப்பை நிறுத்தச் சொல்கிறது. வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் பூட்டுப் போடும் வேலை இது. அந்நிரலோடு வேறு என்னென்ன உள்ளே வந்தன என்பதை விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாய் அனுப்பும் பணத்தின் வங்கிக் கணக்கை அதே கணினியில்தான் மகள் திறக்கிறாள். இதையா இலவசம் என்கிறீர்கள்?

இன்னொரு கணக்கும் உண்டு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுக்கு வந்துவிட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11, ரீ.பி.எம். 2.0 என்னும் காவற்சில்லை நிபந்தனையாகக் கேட்கிறது. நன்கொடையாக நம் பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்த பழைய கணினிகள் பலவற்றில் அது கிடையாது. அவை இன்னும் ஓடும் இயந்திரங்கள். லினக்ஸ் ஏற்றினால் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். புதியதில் நிறுவப் பழகிய பிள்ளை பழையதையும் மீட்கும். பழகாவிட்டால், கூடத்தின் மூலையில் துணி போர்த்தி வைக்கப்பட்டு, அதிபர் மாறும்போது ஏட்டில் மட்டும் கைமாறும்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் நியாயமானவை உண்டு. அவற்றை மறைப்பது பத்திரிகைத் தர்மமன்று. அச்சகம் நடத்துவோருக்கு போட்டோஷொப்பும் பேஜ்மேக்கரும் வேண்டும். லினக்ஸில் அவை நேரடியாக இயங்கா. அவர்கள் உரிய விலை கொடுத்து விண்டோஸிலேயே இருக்கட்டும். அலுவலகத்தில் வேர்டு கேட்பார்களே என்பார்கள். லிப்ரே ஒஃபிஸ் வேர்டு கோப்புகளைத் திறக்கும். சிக்கலான பக்க அமைப்புச் சில வேளை குலையும் என்பதும் உண்மையே. ஆனால் உயர்தரப் பாடத்திட்டத்திலுள்ள பைதன் மொழி, உபுண்டு போன்ற பதிப்புகளில் நிறுவிய கணமே ஆயத்தமாக இருக்கிறது. கற்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

“உதவிக்கு ஆள் இல்லை” என்பது மூன்றாவது வாதம். இதுவே மெய்யான வாதம். ஆள் இல்லை என்பது இயற்கையின் விதியன்று, நாம் உருவாக்காததன் விளைவு. எல்லைக்கு அப்பால் பாருங்கள். கேரளத்து அரச பாடசாலைகளில் கணினிக் கல்வி பல ஆண்டுகளாக லினக்ஸில் நடக்கிறது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது இயங்குவதாக அம்மாநிலக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் 2019இல் அறிவித்தது. அதே மாநிலத்தின் மூணாற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. அங்கும் கொழுந்து பறிப்பவர்கள் தமிழர்களே. அங்குள்ள அரச பாடசாலையில் படிக்கும் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் அந்த லினக்ஸ்தான். மூணாற்றில் சரிவருவது நோர்வூட்டில் ஏன் சரிவராது? மழையும் ஒன்று, மலையும் ஒன்று, மொழியும் ஒன்று. பாடத்திட்டம் எழுதியவர்களின் மனம் மட்டுமே வேறு.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய இலங்கை நிரலாளர்கள் சில வாரங்களில் உருவாக்கிய ‘சஹானா’ ஒரு திறந்த மென்பொருள். சுயாதீன மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்கு வழங்கியது. ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி, இலங்கைப் பயனர்களுக்கென ‘ஹந்தான லினக்ஸ்’ 2009இல் வந்தது. மலையின் பெயர் போயிற்று மென்பொருளுக்குள். மலையில் வாழ்பவனுக்கு மட்டும் அது சரிவராதாம்!

தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையின் தமிழ்க் கணினித் தரம் 1326 என்னும் இலக்கத்துடன் 2008இல் வெளியாகியது. ரெங்கநாதன் விசைப்பலகை அதன் அடிப்படை. அவ்விசைப்பலகைக்குரிய கோப்பு லினக்ஸின் உள்ளீட்டுக் கருவித் தொகுதியில் கிடைக்கிறது. தமிழ் மொழி, இலங்கை நாடு என்ற அமைவும் லினக்ஸில் தனியாக உண்டு. எங்கோ இருக்கும் தன்னார்வலர்கள் எங்களுக்காக இவ்வளவு செய்து வைத்திருக்க, நாமோ இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கோணல் எழுத்துகளாகத் தெரியும் ஆவணங்களைச் சேமித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்? நான்கு காரியங்களைச் சொல்கிறேன். எதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

கணினி விற்கும் கடைகள், பெட்டியில் ஏற்றியது உரிமம் பெற்ற விண்டோஸா, பூட்டுடைத்ததா, லினக்ஸா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுத வேண்டும். வாங்குபவர் கேட்டால்தான் எழுதுவார்கள். ஆகவே கேளுங்கள்.

பாடசாலைக் கணினி கூடத்தில் ஒரே ஒரு கணினியையாவது மாணவர்கள் அழித்து நிறுவி, கெடுத்துத் திருத்துவதற்கென ஒதுக்க வேண்டும். தொடாதே என்று எழுதி ஒட்டிய கூடத்தில் எவரும் தொழில் கற்றதில்லை.

லினக்ஸை நிறுவி வென்றவர் எவராயினும், தாம் சந்தித்த சிக்கலைத் தமிழில் எழுத வேண்டும். கணினியின் மாதிரி இலக்கம், திரையில் வந்த ஆங்கில வாசகம் வந்தபடியே, அதன் பொருள், செய்த தீர்வு ஆகிய நான்கும் போதும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. அந்த வாசகத்தைத் தேடிவரும் அடுத்த பிள்ளைக்கு அப்பக்கமே ஆசிரியர்.

நான்காவது நம் தலைவர்களுக்கு. நோர்வூட் மைதானம் மேடைகளுக்குப் பழகியது. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி வந்து உரையாற்றியதும் இவ்வூரில்தான். இனிக் கணினி வழங்கும் விழா எடுப்போர், ஒவ்வொரு பெட்டியினுள்ளும் லினக்ஸ் ஏற்றிய பென் ட்ரைவ் ஒன்றையும், நான் மேலே எழுதியது போன்ற சிக்கல்களையும் தீர்வுகளையும் கொண்ட பத்துப் பக்கத் தமிழ்க் கைநூல் ஒன்றையும் வையுங்கள். பொன்னாடைச் செலவில் அடங்கிவிடும்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர் விமலசுரேந்திர நிலையத்தில் மின்சாரமாகி நாடெங்கும் போகிறது. அந்நீரின் கரையிலிருந்த லயன்களுக்கோ வெளிச்சம் கடைசியாகத்தான் வந்தது. அப்போதும் ஒரு “சரிவராது” இருந்திருக்கும். அதே வரிசையில், அதே கடைசி இடத்தில் நம் பிள்ளைகளை மீண்டும் நிறுத்த எவருக்கும் உரிமை இல்லை. திரை கறுத்தால் காரணத்தைத் தேடுங்கள். தேடத் தெரியாவிட்டால், தெரிந்த பிள்ளையிடம் கேளுங்கள். தீர்ப்பை மட்டும் எழுதாதீர்கள்.